பிரின்டரை அணைத்தால் வரிசை அழியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை, தேர்வு நுழைவுச்சீட்டு, சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும் மாதங்களில் இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். அந்த நெருக்கடியில் பிரின்டர் தவறான கோப்பை அடிக்கத் தொடங்கினால் கை முதலில் போவது சுவிட்சுக்குத்தான். அணைத்து, சற்றுப் பொறுத்து, மீண்டும் போட்டால் அதே கோப்பு முதல் பக்கத்திலிருந்து வரத் தொடங்கும். மறுபடி அணைப்பு, மறுபடி அதே பக்கம். கடைசியில் கணினியையே அணைத்துப் போடுகிறார்கள். அதன் பிறகும் சில வேளை அந்தக் கோப்பு போகாது. காகிதமும் டோனரும் வீணாகின்றன. பின்னால் நிற்பவர்களின் நேரம் அதைவிடப் பெரிய இழப்பு. இரண்டு வரிக் கட்டளையில் தீரக்கூடிய விஷயம் இது. இப்படிப்பட்ட மையங்களை நடத்துகிறவர்களின் மேசையில் தங்கள் நாளிதழ் கிடக்கிறது என்பதால்தான், சற்று நீளமாக இருந்தாலும் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். இடைக்கோடு என்று நான் சொல்வது கழித்தல் குறியை. நான் இடைவெளி விட்டு எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. அதை ஒட்டி வரும் எழுத்துக்கு முன் இடைவெளி கிடையாது. மேற்கோள் குறிக்குள் இருப்பது மட்டுமே கட்டளை.

அச்சுக்குக் கொடுத்த கோப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. கணினியில் ஸ்பூலர் என்ற சேவை அதை வட்டில் எழுதி வரிசையில் வைக்கிறது. அங்கிருந்து கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பிரின்டரின் சொந்த நினைவகத்தில் சேர்கிறது. சுவிட்சை அணைத்தால் பிரின்டரின் நினைவகம் மட்டும் காலியாகும். வட்டில் இருக்கும் மூலப்பிரதிக்கு ஒன்றும் ஆகாது. பிரின்டர் மீண்டும் உயிர் பெற்றதும், பாதியில் நின்ற பணியை முடிக்க வேண்டும் என்று ஸ்பூலர் முதலிலிருந்து அனுப்புகிறது. அது பழுது இல்லை. மின்சாரம் போனாலும் பணி தொலையக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

வரிசை ஏன் இவ்வளவு எளிதாக அடைபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செல்பேசியில் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் கோப்பு ஒரு மெகாபைட்கூட இருக்காது. ஆனால் அது சுருக்கப்பட்ட படம். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், விரித்தால் 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் நிறம் என்றால் ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய 26 மெகாபைட். பத்துப் பக்கம் என்றால் 260. பழைய கணினி இதை விரித்து அனுப்பி முடிக்கும்வரை பிரின்டரில் அசைவே தெரியாது. "போகவில்லை போலிருக்கிறது" என்று மறுபடி பிரின்ட் கொடுப்பார்கள்; இன்னொரு முறையும் கொடுப்பார்கள். வரிசையில் இப்போது ஒரே கோப்பு மூன்று. முதல் பிரதி வெளியே வந்ததும் மற்ற இரண்டும் பின்னாலேயே வரும். அசைவு தெரியாதபோது மறுபடி பிரின்ட் கொடுக்காமல், வரிசையைப் பார்க்கப் பழகினாலே பாதிச் சிக்கல் வராது.

தவறான பணி ஓடத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டிய வரிசைமுறை முக்கியம். முதலில் பிரின்டரின் முகப்பில் இருக்கும் ரத்துப் பொத்தானை, பெரும்பாலும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்கும், அழுத்துங்கள். உள்ளே இழுபட்ட தாள் முழுதாக வெளியே வரட்டும். அதைக் கையால் இழுத்தாலோ, தாள் ஏறும் நேரத்தில் தட்டை உருவினாலோ சிக்கிக்கொள்ளும். அடுத்து, கணினியில் வரிசையை நீக்குங்கள். வரிசை காலி என்று உறுதியான பிறகுதான் பிரின்டரை அணைக்க வேண்டும். அரை நிமிடம் விட்டுப் போடலாம். இந்த அணைப்பைத் தவிர்க்கவும் கூடாது. பணியைப் பாதியில் வெட்டினால் பிரின்டரின் நினைவகத்தில் அரைகுறைத் தரவு தங்கிவிடுவது உண்டு. அடுத்த பணியின் தலைப்பகுதி அந்த அரைகுறையோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான், பக்கத்துக்கு ஒரு வரி வீதம் புரியாத குறிகளாக அடித்துத் தள்ளும். அதைப் பார்த்து டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்து நிறுவுகிறார்கள், தேவையே இல்லை.

இங்க்ஜெட் பிரின்டராக இருந்தால் அதன் பொத்தானில்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்தால் மைத்தலை தன் மூடிக்குள் போய் அமராது; திறந்தபடி கிடந்து மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் இயந்திரத்தில் நினைவகம் சிறியது, சில வரிகளில் நின்றுவிடும். ஆனால் தொடர்தாளின் நிலை நகர்ந்திருக்கும். மடிப்புக் கோட்டை மறுபடி சரிபார்க்காமல் அடுத்த பில்லை அடித்தால் எல்லாம் இறங்கி விழும். வட்டு பொருத்திய பெரிய நகல் இயந்திரங்களில் அணைத்தாலும் பணி உள்ளேயே இருக்கக்கூடும். அதன் திரையில் பணிப் பட்டியலைத் திறந்துதான் நீக்க வேண்டும்.

இனி கட்டளைகள். வரிசையைக் காட்டும் சன்னல் இருக்கும்போது கட்டளை எதற்கு என்று கேட்கலாம். அடைபட்ட நேரத்தில் அந்தச் சன்னலே உறைந்துபோகும். நீக்கச் சொன்னால் "நீக்கப்படுகிறது" என்று காட்டிக்கொண்டே நிற்கும். கட்டளையோ பணியின் எண்ணைச் சொல்லும். எண்ணைக் கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் எடுக்கும். முடியாவிட்டால் ஏன் என்று ஒரு வரி சொல்லும்.

லினக்ஸிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் இது தெளிவாக இருக்கிறது. உபுன்டு, டெபியன், நடுவண் அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் ஆகிய லினக்ஸ் வகைகளில் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997இல் தொடங்கி 1999இல் முதல் பதிப்பை வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் 2002இல் மேக் 10.2 பதிப்பில் அதை எடுத்துக்கொண்டு, 2007இல் மூலநிரலையும் வாங்கியது. ஆகவே கீழே சொல்லும் பணி நீக்கும் கட்டளைகள் மேக் கணினியின் டெர்மினலிலும், அதாவது கட்டளை தட்டும் சன்னலிலும், அப்படியே ஓடும். மேக்குக்குத் தனியாக எழுதவில்லை.

டெர்மினலைத் திறந்து 'எல்பிஸ்டாட் -ஓ' என்று தட்டுங்கள். எல், பி என்ற இரண்டெழுத்தோடு ஸ்டாட் சேர்ந்த ஒரே சொல். 'கவுன்டர்2-187' என்பதுபோல ஒவ்வொரு பணியும் ஒரு வரியாக வரும். கடைசி இடைக்கோட்டுக்கு முன்னால் இருப்பது பிரின்டரின் பெயர், பின்னால் இருப்பது பணி எண். அதே வரியில் பயனர் பெயர், பைட் அளவு, கொடுத்த நேரம் இருக்கும். கோப்பின் பெயர் இருக்காது. மையங்களில் எல்லோரும் ஒரே பயனர் பெயரில்தான் வேலை செய்கிறார்கள், அதனால் யாருடைய பணி எது என்று தெரியாமல் குழம்பும். அப்போது 'எல்பிக்யூ -ஏ' என்று கொடுங்கள். அதில் கோப்பின் பெயரும் வரும், எல்லாப் பிரின்டர்களின் வரிசையும் வரும்.

எண் தெரிந்ததும் 'கேன்சல் 187'. ஆங்கிலத்தில் கடைசி எல் ஒன்றுதான். இரண்டு போட்டால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்லிவிடும். 'கேன்சல் கவுன்டர்2-187' என்று முழுப் பெயரோடு கொடுத்தாலும் சரி. ஆனால் எண்ணை விட்டுவிட்டு 'கேன்சல் கவுன்டர்2' என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த நொடியில் அங்கே அச்சாகிக்கொண்டிருக்கும் பணி ரத்தாகும். அது நீங்கள் நினைத்த பணியாக இருக்க வேண்டியதில்லை. 'கேன்சல் -ஏ கவுன்டர்2' அந்தப் பிரின்டரின் வரிசை முழுவதையும் துடைத்துவிடும். பிரின்டர் பெயர்கூட இல்லாமல் 'கேன்சல் -ஏ' என்றால் எல்லாப் பிரின்டர்களின் வரிசையும் போகும். ஒரு பயனரின் பணிகளை மட்டும் எடுக்க 'கேன்சல் -யு' என்று போட்டு அவர் பயனர் பெயரைக் கொடுக்கலாம். பிறர் கொடுத்த பணியை நீக்க நிர்வாகி உரிமை வேண்டும். கட்டளைக்கு முன்னால் 'சூடோ' சேர்த்துக் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும்.

'எல்பிஆர்எம் 187' என்பதும் இதே வேலையைச் செய்யும். கேன்சல் என்பது சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழி வந்தது, எல்பிஆர்எம் என்பது பெர்க்லி யூனிக்ஸ் வழி வந்தது. கப்ஸ் இரண்டையும் வைத்திருக்கிறது. எல்பிஆர்எம் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தனி இடைக்கோடு அந்தக் கட்டளைக்கு "எல்லாப் பணிகளும்" என்று பொருள். எண்ணுக்கு முன்னால் கைதவறி ஓர் இடைக்கோடும் ஓர் இடைவெளியும் விழுந்தால் 187 மட்டும் போகாது, முழு வரிசையும் போய்விடும். எண்ணே கொடுக்காவிட்டால் வழக்கமான பிரின்டரில் ஓடிக்கொண்டிருக்கும் பணி போகும். இந்தக் காரணத்தால் புதியவர்களுக்குக் கேன்சல் கட்டளையையே கற்றுக்கொடுக்கச் சொல்வேன்.

ரத்து செய்த பிறகும் சில நொடிகள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். கப்ஸ் முதலில் அந்தப் பணியை நடத்தும் நிரல்களை முறையாக முடித்துக்கொள்ளச் சொல்கிறது; முடிக்காவிட்டால், அமைப்பை யாரும் மாற்றாதவரை, 30 நொடி கழித்து வலிந்து நிறுத்துகிறது. எனவே அரை நிமிடம் காத்திருங்கள். அதற்குள் பத்து முறை கேன்சல் கொடுப்பதால் வேகம் கூடாது. அரை நிமிடம் கழித்து 'எல்பிஸ்டாட் -ஓ' வெறுமையாக வந்து, பிரின்டர் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் பணி முழுவதும் அதன் நினைவகத்துக்குப் போய்விட்டது என்று பொருள். கணினியில் இனி செய்ய ஒன்றுமில்லை. பிரின்டரின் ரத்துப் பொத்தான்தான் வழி. இந்த ஒரு சோதனை, எங்கே கை வைக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

நீக்கியதும் அடுத்த பணி ஓடவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றே. தொடர்பு அறுந்தாலோ பிழை வந்தாலோ பிரின்டரையே நிறுத்திவைக்கும்படி கப்ஸ் அமைந்திருக்கலாம். பணியை நீக்கினாலும் அந்த நிறுத்தம் நீங்காது. 'எல்பிஸ்டாட் -பி' கொடுத்தால் எந்தப் பிரின்டர் முடக்கப்பட்டிருக்கிறது, எப்போதிலிருந்து, என்ன காரணம் என்று வரும். 'கப்ஸ்எனேபிள் கவுன்டர்2' கொடுத்தால் ஓடத் தொடங்கும். அடிக்கடி நடக்கிறது என்றால், பிழை வந்த பணியை மட்டும் கைவிட்டு அடுத்ததுக்குப் போகும்படி எல்பிஅட்மின் கட்டளையில் பிழைக் கொள்கையை 'அபார்ட்-ஜாப்' என்று மாற்றிவைக்கலாம். கூட்டம் நிறைந்த கவுன்டருக்கு அதுதான் ஏற்றது என்பது என் கருத்து. ஊதியப் பட்டியல் போன்ற, ஒரு பக்கமும் விடுபடக் கூடாத பணிகள் ஓடும் அலுவலகத்துக்கு அது ஏற்றதல்ல.

நீக்காமலே சமாளிக்க முடிகிற இடங்களும் உண்டு. 200 பக்க வினாத்தாள் தொகுப்பு வரிசையில் முன்னால் நிற்கிறது, பின்னால் ஒருவருக்கு ஒரே பக்க நுழைவுச்சீட்டு அவசரம் என்றால் பெரியதைக் கொல்ல வேண்டியதில்லை. 'எல்பி -ஐ 187 -எச் ஹோல்ட்' என்றால் அது ஒதுங்கி நிற்கும். இதில் எச் மட்டும் பெரிய எழுத்து. சிறியது முடிந்ததும் அதே கட்டளையில் ஹோல்ட் என்ற இடத்தில் ரெஸ்யூம் என்று போட்டால் மீண்டும் வரும். ஏற்கெனவே அச்சாகத் தொடங்கிய பணி என்றால் முதல் பக்கத்திலிருந்து வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொரு பிரின்டர் சும்மா இருந்தால் 'எல்பிமூவ் 187 கவுன்டர்3' என்று பணியையே அங்கே மாற்றிவிடலாம்.

விண்டோஸுக்கு வருகிறேன். பெரும்பாலான மையங்களில் இருப்பது இதுதான்; தவறான அறிவுரை அதிகம் சுற்றுவதும் இதற்குத்தான். ஸ்பூலரை நிறுத்து, கோப்புறையைக் காலி செய், மறுபடி தொடங்கு என்ற மூன்று வரியை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி வழி. அந்தக் கணினியில் இணைந்த எல்லாப் பிரின்டர்களின் எல்லாப் பணிகளும் வழக்கமாக ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன. ஒருவருடைய தவறான கோப்புக்காக, வரிசையில் காத்திருக்கும் ஏழு பேரின் கோப்புகளும் அழியும். அவர்கள் மறுபடி பென் டிரைவைச் செருகி முதலிலிருந்து வர வேண்டும்.

முதலில் ஒன்றை மட்டும் நீக்கப் பாருங்கள். விண்டோஸ் 8 தொடங்கி வந்த பதிப்புகளில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சன்னலைத் திறந்து 'கெட்-பிரின்டர்' என்று தட்டினால் பிரின்டர்களின் சரியான பெயர்கள் வரும். 'கெட்-பிரின்ட்ஜாப் -பிரின்டர்நேம்' என்று போட்டு, அந்தப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் இல்லாமல் நடக்காது. பணிகளின் எண், கோப்பின் பெயர், நிலை எல்லாம் வரும். எண் 12 என்றால் 'ரிமூவ்-பிரின்ட்ஜாப் -பிரின்டர்நேம்' என்று தொடங்கி, அதே பெயரை மேற்கோளுக்குள் போட்டு, முடிவில் '-ஐடி 12' சேர்த்தால் அது மட்டும் போகும். ரிமூவ் என்ற இடத்தில் சஸ்பெண்ட் என்று போட்டால் பணி ஒதுங்கி நிற்கும், ரெஸ்யூம் என்று போட்டால் தொடரும். நீங்கள் கொடுத்த பணியை நீங்களே நீக்கலாம். பிறருடையதை நீக்க, பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்திருக்க வேண்டும். இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடைகளில் இந்தக் கட்டளைகள் இல்லை. அங்கே சிஸ்டம்32 கோப்புறைக்குள் பிரின்டிங் அட்மின் ஸ்கிரிப்ட்ஸ் என்ற கோப்புறையில் பிஆர்என்ஜாப்ஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை சிஸ்கிரிப்ட் வழியாக இயக்கி, -எல் என்றால் பட்டியல், -எக்ஸ் என்றால் நீக்கம், -பி பிரின்டர் பெயர், -ஜே பணி எண்.

நீக்கச் சொன்ன பிறகும் பணி அப்படியே நின்றால், ஸ்பூலர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிரின்டரின் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். கோப்பு அதன் பிடியில் இருக்கும்வரை யார் சொன்னாலும் அழியாது. அந்தப் பிடியை விடுவிக்க ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும்; கோப்புறையைத் தொட வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்', பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்'. நீக்கத்துக்குக் குறிக்கப்பட்ட பணி பெரும்பாலும் இதிலேயே போய்விடும். மற்றவர்களின் பணிகள் வட்டில் இருப்பதால் மீண்டும் எழுந்து வரிசையில் நிற்கும். கோப்புறையைத் துடைக்கும் முன் இந்த இடைப்படியை முயன்று பார்க்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால்தான் கோப்புறை. ஸ்பூலரை நிறுத்திய நிலையிலேயே 'சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\ஸ்பூல்\பிரின்டர்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பணிக்கும் ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள் இருக்கும். எஸ்பிஎல் என்று முடிவது அச்சிட வேண்டிய தரவு. எஸ்எச்டி என்று முடிவது யார், எந்தப் பிரின்டர், என்ன பெயர் என்ற விவரம். நேரத்தையும் அளவையும் பார்த்தால் சிக்கல் செய்யும் இணை எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த இரண்டை மட்டும் அழித்து ஸ்பூலரைத் தொடங்கலாம். எல்லாவற்றையும்தான் அழிக்க வேண்டும் என்றால், டெல் கட்டளையில் முழுப் பாதையையும் எழுதி, முதலில் எஸ்பிஎல் கோப்புகள், பிறகு எஸ்எச்டி கோப்புகள் என்று இரண்டு வரியாகக் கொடுங்கள்.

முழுப் பாதையை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நிர்வாகியாகத் திறக்கும் கமாண்ட் பிராம்ப்ட் வழக்கமாக சிஸ்டம்32 கோப்புறையில்தான் நிற்கும். முதல் வரியில் சிடி கொடுத்து பிரின்டர்ஸ் கோப்புறைக்குப் போய், இரண்டாவது வரியில் நட்சத்திரம்-புள்ளி-நட்சத்திரம் போட்டு அழி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சிடி வரியில் ஓர் எழுத்து பிழைத்தால் இடம் மாறியிருக்காது. பிழைச் செய்தியைக் கவனிக்காமல் இரண்டாவது வரியைத் தட்டினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மேலேயே அழிப்பு பாயும். பல கோப்புகளை விண்டோஸ் காத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் அல்ல. ஒரு தவறான பிரின்டைத் தடுக்கப் போய்க் கணினியையே மறுபடி நிறுவ வேண்டிய நிலை வரக் கூடாது.

நெட் ஸ்டாப் கொடுத்தும் ஸ்பூலர் நிற்காமல் இழுத்தால் 'எஸ்சி குவெரி ஸ்பூலர்' நிலையைக் காட்டும். நிறுத்தம் நிலுவையில் என்றே ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் 'டாஸ்க்கில் /எஃப் /ஐஎம் ஸ்பூல்எஸ்வி.எக்ஸி' என்று வலிந்து முடிக்கலாம். இப்படி முடித்தால், செயலிழந்த சேவை என்று கருதி விண்டோஸ் அதைத் தானாகவே மீண்டும் எழுப்பக்கூடும். கோப்புகளை உடனே அழித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் நெட் ஸ்டார்ட் கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் பிரின்டரே இல்லை என்று மென்பொருள்கள் சொல்லும். அதை நம்பிப் பிரின்டரை நீக்கி மறுபடி நிறுவ உட்காருவார்கள்.

வலையில் இணைந்த பிரின்டர்களில் இன்னொரு குழப்பம். ஒரு கணினியில் பிரின்டரை இணைத்து மற்றவை அதன் வழியாக அனுப்பினால், வரிசை அந்த ஒரு கணினியில் இருக்கும்; அங்கே போய் நீக்க வேண்டும். மாறாக ஒவ்வொரு கணினியும் பிரின்டரின் ஐபி முகவரிக்கு நேரடியாக அனுப்பினால் கணினிக்கு ஒரு வரிசை இருக்கும். உங்கள் கணினியில் வரிசை காலியாகத் தெரியும், பிரின்டர் மட்டும் யாருடையதையோ அடித்துக்கொண்டிருக்கும். அப்போது எல்லாக் கணினிகளிலும் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நேரடி இணைப்பில் பரவலாக உள்ள 9100 துறை (போர்ட்) வெறும் தரவை மட்டும் கொட்டும். "இந்தப் பணியை ரத்து செய்" என்று பிரின்டருக்குச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. 631 துறையில் இயங்கும் ஐபிபி என்ற இணைய அச்சு முறையில் அது இருக்கிறது. பிரின்டர் ஐபிபியை ஏற்கும் என்றால் புதிதாக இணைக்கும்போது அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது மக்களின் ஆவணங்களைப் பற்றி. ஆதார், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு என்று மனிதர்கள் நம்பிக் கொடுக்கும் தாள்கள் எல்லாம் இந்த வரிசை வழியாகத்தான் போகின்றன. கப்ஸ் வழக்கமாக, அச்சிட்டு முடித்த கோப்பின் பிரதியை 86,400 நொடி, அதாவது ஒரு நாள், 'வார்' கோப்புறையின் உள்ளே 'ஸ்பூல்', அதன் உள்ளே 'கப்ஸ்' என்ற இடத்தில் வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக்குள் பணி எண் தெரிந்தால் அதை மறுபடி அச்சிடவே முடியும். ரத்து செய்த பணியின் கோப்பையும் சேர்த்து அழிக்க 'கேன்சல் -எக்ஸ் 187' என்று கொடுக்க வேண்டும். பொதுமக்களுக்கு அச்சிடும் இடங்களில் கப்ஸின் அமைப்புக் கோப்பில் 'ப்ரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் நோ' என்ற வரியைச் சேர்த்து, கப்ஸை ஒருமுறை மறுதொடக்கம் செய்வது நடத்துகிறவரின் கடமை என்றே கருதுகிறேன். விண்டோஸில் அச்சு முடிந்ததும் கோப்பு தானாக அழியும். ஆனால் பிரின்டரின் பண்புகளில், மேம்பட்ட அமைப்புப் பக்கத்தில், அச்சிட்ட ஆவணங்களை வைத்திரு என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அழியாது. இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் கோபா (கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர்) பிரிவு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிரின்டர், தாளில்லாத தட்டு, ஐந்து போலிப் பணிகள் இருந்தால் இவ்வளவையும் ஒரே செய்முறை வகுப்பில் பழக்கிவிடலாம். தட்டில் தாள் இல்லாததால் பணிகள் வரிசையில் நிற்கும். நடுவில் இருக்கும் மூன்றாவதை மட்டும் எடுத்துவிட்டு மற்ற நான்கையும் காப்பாற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு ஸ்பூலரை நிறுத்தும் கட்டளையைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

மையங்களை மேற்பார்வையிடும் அலுவலர்கள், பிரின்டருக்குப் பக்கத்தில் ஒட்டும்படி ஓர் அரைத் தாள் அச்சிட்டுத் தரலாம். பட்டியல் பார்க்கும் கட்டளை, ஒரு பணியை நீக்கும் கட்டளை, ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கும் கட்டளை, இந்த மூன்றும் ஆங்கில எழுத்தில் பெரிதாக இருந்தால் போதும். கோப்புறையை அழிக்கும் வரி அந்தத் தாளில் வேண்டாம். பிரின்டரின் பெயருக்கு மட்டும் காலியிடம் விட்டு, அந்தந்த மையத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரின்டரை மாற்றினாலோ மறுபடி நிறுவினாலோ பெயர் மாறிவிடும், பழைய பெயரைக் கொடுத்தால் கட்டளை ஓடாது.

இப்படிக்கு,
கணினி மற்றும் பிரின்டர் பராமரிப்பாளர்,
திண்டுக்கல்.